இந்திப் படப் பாடல்களில் நாட்டுப்புறக் குரல் யாருடைய வாய்க்குக் கிடைத்தது?

இலா அருண், ரேஷ்மா, சாரதா சின்ஹா மாதிரியான குரல்களை இந்திப் படப் பாடல்களில் கேட்டுப் பழகிய ஒருவர் மூன்று விஷயம் கேட்டிருக்கிறார். இவர்கள் நிஜமான நாட்டுப்புறப் பாடகர்களா, இல்லை அந்தப் பாணியைப் பிடித்துக்கொண்ட சினிமாப் பாடகர்களா? ஒரு பாட்டு ராஜஸ்தானா, போஜ்புரியா, பஞ்சாபா, வங்காளமா என்று மொழி தெரியாதவர் எப்படிக் கண்டுபிடிப்பது? மூலப் பாடல்களைக் கேட்க எங்கே போவது? இந்த மூன்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இந்தி சினிமா நாட்டுப்புற இசையிலிருந்து எதை எடுத்துக்கொண்டது, எதை வெளியே நிறுத்தியது? அதற்குப் பதில் சொல்லிவிட்டால் மற்றவற்றுக்குப் பாதி பதில் வந்துவிடும்.

என் எல்லையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இந்துஸ்தானி வாய்ப்பாட்டு முறையாகக் கற்றவன். பிறகு பல வருடங்கள் மேற்கு ராஜஸ்தானிலும் பீகாரிலும் ஊர்ப் பாட்டுக்காரர்களை ஒலிப்பதிவு செய்யும் வேலையில் இருந்தேன். அந்த இரண்டு நிலத்துப் பாட்டுகளைப் பற்றி என் காதை நம்பிப் பேசுவேன். பஞ்சாபுக்குள் மால்வா, மாஜா, தோஆபா என்று பிரித்துச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. கஷ்மீரி இசையை ரசிகனாக மட்டுமே கேட்டிருக்கிறேன். அந்த இடங்களில் சுருக்கமாகத்தான் சொல்வேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்திப் படங்களுக்குள் நாட்டுப்புற மெட்டும் தாளமும் 1940களிலேயே தாராளமாக வந்துவிட்டன. ஆனால் அந்த மெட்டுகளை ஊரில் பாடிய குரல் வர மிகவும் தாமதமானது. வந்த பிறகும் அதற்கு ஒதுக்கிய இடம் ஓரத்தில்தான். இதைக் காட்ட ரேஷ்மாவை விட நல்ல சாட்சி கிடையாது. அவர் பாடிப் புகழ்பெற்ற பஞ்சாபிப் பாட்டு ஒன்று, 'அக்கியான் நூ ரெஹ்ண் தே'. அதே மெட்டு 1973இல் 'பாபி' படத்தில் 'அக்கியோன் கோ ரெஹ்னே தே' என்று வந்தது. இசை லக்ஷ்மிகாந்த்-பியாரேலால், பாடியவர் லதா மங்கேஷ்கர். பத்து வருடம் கழித்து, 1983இல், அதே இசையமைப்பாளர்கள் 'ஹீரோ' படத்துக்காக ரேஷ்மாவையே 'லம்பி ஜுதாயி' பாட வைத்தார்கள். மெட்டு முதலில் வந்தது, குரல் பத்து வருடம் பின்னால் வந்தது. திரையில் அந்தக் குரலுக்கு வாயசைத்தது நாயகி அல்ல. பிரிந்து வாடும் காதலர்களுக்காக வெளியே நின்று பாடும் ஒரு நாடோடிப் பெண்.

இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் அடுத்தடுத்த படங்களிலும் அது தெரியும். 1993இல் வந்த 'கல்நாயக்' படத்தின் 'சோளி கே பீச்சே' பாட்டில் இரண்டு பெண் குரல்கள். மாதுரி தீட்சித்துக்கு அல்கா யாக்னிக், கூட ஆடும் நீனா குப்தாவுக்கு இலா அருண். இருவரும் ஃபிலிம்ஃபேர் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள், ஆனால் நாயகியின் உதடு யாருக்கு என்பதில் சந்தேகமே வரவில்லை. 1991இல் 'லம்ஹே' படத்தில் 'மோர்னி பாகா மா போலே' பாட்டிலும் ஸ்ரீதேவிக்கு லதா. மண்ணின் வாசம் வேண்டிய இடங்களில் இலா அருண். 1996இல் 'ராஜா ஹிந்துஸ்தானி' படத்தின் 'பர்தேசி' பாட்டில் நாடோடிப் பெண்ணுக்கு ஸப்னா அவஸ்தியின் குரல். 2018இல் 'பத்மாவத்' படத்தின் 'கூமர்' பாட்டில்கூட நாயகிக்கு ஷ்ரேயா கோஷல்தான். ராஜஸ்தான் பாட்டுக்காரர் பரம்பரையில் வந்த ஸ்வரூப் கானுக்குக் கொடுத்தது சிறு பங்கு.

இதற்குக் காரணம் என்ன? நான் பார்த்தவரை இரண்டு. ஒன்று தொழில்நுட்பம். திறந்த வெளியில் ஒலிபெருக்கி இல்லாமல் பாடுகிறவர்கள் தொண்டையை முழுக்கத் திறந்து, உயர்ந்த சுருதியில், எழுத்தை அழுத்தி உச்சரித்துப் பாடுவார்கள். ஒலிப்பதிவுக்கூடத்து மைக்கோ மெல்லப் பாடுகிறவருக்குச் சாதகமானது. மூச்சின் நுணுக்கமெல்லாம் அதில் விழும். இரண்டாவது காரணம் ரசனை மாறியது. 1940களில் ஷம்ஷாத் பேகம், ஜோஹ்ராபாய் அம்பாலேவாலி மாதிரியான கணீர்க் குரல்களே நாயகிகளுக்குப் பாடின. நௌஷாதின் 'ரத்தன்' 1944இல் வந்தபோது நாடே ஜோஹ்ராபாயைத்தான் முணுமுணுத்தது. 1949க்குப் பிறகு லதாவின் மெல்லிய, உயரமான, வழுவழுப்பான குரல் நாயகியின் அளவுகோல் ஆனதும், கணீர்க் குரல்கள் தோழிக்கும் நாட்டியக்காரிக்கும் கிழவிக்கும் போய்ச் சேர்ந்தன. இதை லதாவின் மேல் குறையாகச் சொல்லவில்லை. 'சோளி' பாட்டில் இலா அருணுக்குக் கிடைத்த இடம், 1950களில் ஷம்ஷாதுக்கு ஒதுக்கிய அதே இடத்தின் தொடர்ச்சி என்பதைத்தான் சொல்கிறேன்.

இப்போது கேட்டவரின் முதல் கேள்வி. மூன்று பேரையும் ஒரே கூடையில் போட முடியாது. ரேஷ்மா பீகானேர் பக்கத்து பஞ்சாரா என்ற நாடோடிக் குடும்பத்தில் பிறந்தவர். பிரிவினைக்குப் பிறகு குடும்பம் பாகிஸ்தானுக்குப் போனது. சிந்துவில் உள்ள ஷாபாஸ் கலந்தர் தர்காவில் சிறுமியாகப் பாடிக்கொண்டிருந்தவரை ஒரு வானொலித் தயாரிப்பாளர் கண்டெடுத்தார். பள்ளிப் படிப்போ இசைப் பயிற்சியோ கிடையாது. அவர் எந்த அளவுகோலிலும் நாட்டுப்புறப் பாடகர்தான். இலா அருண் கதை வேறு. ஜோத்பூரில் பிறந்து ஜெய்ப்பூரில் வளர்ந்து படித்தவர், நாடகமேடையிலிருந்து வந்தவர். ராஜஸ்தானிப் பெண்கள் வீட்டு விசேஷங்களில் பாடும் பாட்டுகளின் துடுக்கையும் சொல்லழுத்தத்தையும் எடுத்து மேடைக்கும் கேசட்டுக்கும் கொண்டுபோனார். பாட்டையே குலத்தொழிலாகக் கொண்ட குடும்பம் அல்ல. அதனால் அவரைப் போலி என்று சொல்வது பெரிய தவறு. அந்தப் பெண்கள் பாட்டுகளே தொழில்முறைப் பாடகர்களுடையவை அல்ல; கல்யாண வீட்டில் கூடும் எல்லாப் பெண்களுக்கும் சொந்தமானவை. அந்த உரிமை அவருக்கும் உண்டு.

சாரதா சின்ஹா மூன்றாவது வகை. சுபௌல் மாவட்டத்தில் பிறந்தவர், மைதிலியும் போஜ்புரியும் மகஹியும் பாடியவர், சாஸ்திரிய சங்கீதப் பயிற்சி உள்ளவர், கல்லூரியில் இசை கற்பித்தவர். சூரியனை வழிபடும் சட் பண்டிகைப் பாட்டு என்றால் பீகாரில் முதலில் நினைவுக்கு வருவது அவர் குரல். 2024 நவம்பரில் அவர் காலமானதும் சட் தொடங்கிய நாளில்தான். பம்பாய்க்கு அவர் எப்போதாவதுதான் வந்தார். 1989இல் 'மைனே பியார் கியா' படத்தில் 'கஹே தோ சே சஜ்னா', 1994இல் 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' படத்தில் 'பாபுல் ஜோ தும்னே சிகாயா', 2012இல் 'கேங்ஸ் ஆஃப் வாஸேபூர்' படத்தில் 'தார் பிஜ்லி சே பத்லே'. கடைசிப் பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். அது பழைய பாட்டு அல்ல. வருண் குரோவர் எழுதி ஸ்னேஹா கன்வல்கர் இசையமைத்த புதுப் பாட்டு. ஆனால் பெண்கள் கூடி உட்கார்ந்து டோலக்கைத் தட்டியபடி புருஷனைக் கேலி பண்ணும் கல்யாணப் பாட்டின் அச்சில் வார்த்தது. குரலும் அச்சும் ஊருடையவை, சொல் புதியது. நாட்டுப்புற மரபு உயிரோடு இருக்கும் இடங்களில் எப்போதும் இப்படித்தான் நடந்திருக்கிறது. சினிமா அதற்கு இடம் கொடுத்த அரிய தருணம் அது.

குலத்தொழிலாகப் பாடுகிறவர்கள் வந்தது இன்னும் தாமதம். பார்மர், ஜெய்சல்மேர் பக்கத்து மாங்கணியார்களும், அவர்களுக்கு அக்கம்பக்கத்து லங்காக்களும் முஸ்லிம் இசைக் குடும்பங்கள். தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களை எஜமானர்களாகக் கொண்டு, அந்த வீட்டுப் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் பாடுவது அவர்கள் வேலை. கிருஷ்ணன் பாட்டும் பாடுவார்கள், சூஃபிக் கவிதையும் பாடுவார்கள். மாங்கணியார்களின் அடையாளம் கமாயிச்சா என்ற வில் வாத்தியம்: உருண்டைக் குடம், ஆட்டுத்தோல் போர்த்தியது, தடித்த நரம்பு, கரகரப்பான ஆழமான ஒலி. லங்காக்களுக்கு சிந்தி சாரங்கி. இருவர் கையிலும் கட்தால், இரண்டிரண்டு மரத்துண்டுகளை விரலுக்குள் பிடித்து மின்னல் வேகத்தில் தட்டுவது. இந்தப் பரம்பரையில் வந்த மாமே கான் 2009இல் 'லக் பை சான்ஸ்' படத்தில் பாடினார், ஸ்வரூப் கான் 2014இல் 'பிகே' படத்தில் 'தர்கி சோக்ரோ' பாடினார். அதற்குள் பேசும்படம் வந்து எண்பது வருடம் ஆகிவிட்டது.

ஆனால் அந்த நிலத்து மெட்டு முதலிலிருந்தே இருந்தது. 'மஹல்' படத்துக்கு இசையமைத்த கேம்சந்த் பிரகாஷ் ராஜஸ்தானின் சுஜான்கட் ஊர்க்காரர். 'பாக்கீஸா'வின் குலாம் முகமது பீகானேர்க்காரர். டோலக் அவர் கையில் பேசும். ராஜஸ்தானின் மாண்ட் என்ற பாடல் வகை, 'கேசரியா பாலம்' மூலம் உலகுக்கே தெரிந்தது, இந்திப் படங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. மாண்டை அதன் நிதானத்தோடு கேட்க வேண்டுமானால் பீகானேரின் அல்லா ஜிலாய் பாயின் பழைய பதிவுகள். சினிமாவில் கேட்க வேண்டுமானால் ஹிருதயநாத் மங்கேஷ்கர் 'லேகின்' படத்துக்காக லதாவைப் பாட வைத்தது.

வங்காளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. என் வாதத்துக்கு மிக அழகான உதாரணம் அங்கேதான் இருக்கிறது. சச்சின் தேவ் பர்மன் 1906இல் குமில்லாவில் பிறந்தவர், திரிபுரா அரச குடும்பத்தவர். கிழக்கு வங்காளத்து ஆறுகளில் படகுக்காரர்கள் பாடும் பாடியாலியைச் சின்ன வயதிலேயே காதில் வாங்கியவர். நீரோட்டத்தின் போக்கில் படகு தானாகப் போகும்போது துடுப்புக்கு வேலை இல்லை, அதனால் பாட்டுக்குத் தாளக்கட்டும் இல்லை. ஒரு சொல்லை உயரத்தில் எடுத்து, மூச்சுத் தீரும்வரை நீட்டி, மெல்ல இறக்குவார்கள். துடுப்புப் போட்டுக்கொண்டே பாடும் சாரிப் பாட்டு நேர் எதிர். அதில் தாளம்தான் எல்லாம். பர்மனின் குரல் மூக்கொலியும் நடுவில் லேசாக உடைவதும் கொண்டது. படகுக்காரர் குரலிலும் அந்த உடைவு உண்டு, அதை அவர் சரிசெய்துகொள்ளவே இல்லை.

பர்மன் இந்தியில் பாடிய பாட்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 'சுஜாதா' (1959) படத்தின் 'சுன் மேரே பந்து ரே', 'பந்தினி' (1963) படத்தின் 'ஓ ரே மாஞ்ஜி', 'கைட்' (1965) படத்தின் 'வஹான் கௌன் ஹை தேரா', 'ஆராதனா' (1969) படத்தின் 'ஸஃபல் ஹோகி தேரி ஆராதனா'. கடைசிப் பாட்டுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. இவற்றில் ஒன்றுகூட நாயகன் வாயசைக்கும் பாட்டு இல்லை. ஒன்று படகுக்காரருடையது, மற்றவை பின்னணியில் எங்கிருந்தோ வரும் குரல். நாயகனுக்கு ரஃபியும் கிஷோரும் பாடினார்கள். படத்தின் இசையமைப்பாளரே, இந்தியாவின் பெரிய இசையமைப்பாளர்களில் ஒருவரே, தன் ஊர்க் குரலை நாயகனுக்குக் கொடுக்கவில்லை. ஆனாலும் 'பந்தினி'யின் கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். நாயகி கல்யாணி எந்தப் பக்கம் போவாள் என்று முடிவாகும் அந்த நேரத்தில் அந்தக் குரல் இல்லாவிட்டால் படமே முடியாது. ஓரத்தில் நிறுத்திய குரலுக்குத்தான் கதையின் மனசாட்சி வேலை கிடைத்தது. இந்த முரண்பாட்டை யோசிக்க யோசிக்க எனக்கு அலுப்பதே இல்லை.

கிழக்கு உத்தரப் பிரதேசமும் பீகாரும் சேர்ந்த பூரப் நிலத்துக்கு அதிர்ஷ்டம் உண்டு, ஏனென்றால் நௌஷாத் லக்னோக்காரர், பாடலாசிரியர் அஞ்சான் பனாரஸ்காரர், ஷைலேந்திராவின் குடும்ப வேர் பீகாரில். 1961இல் 'கங்கா ஜம்னா'வில் திலீப் குமார் படம் முழுக்க ஊர்ப் பேச்சே பேசுவார். 'நைன் லட் ஜயிஹே' பாட்டில் ரஃபி அந்தப் பேச்சின் நெளிவோடே பாடுவார். 1963இல் வந்த 'கோதான்' படத்துக்கு இசை பண்டிட் ரவிஷங்கர். அதில் முகேஷ் பாடிய 'ஹியா ஜரத் ரஹத் தின் ரைன்' சுத்தமான சைதி. சைத்ர மாதத்தில் மட்டும் பாடுவது, ஒவ்வொரு வரியும் 'ஹோ ராமா' என்று முடிவது. 1966இல் 'தீஸ்ரி கசம்', பணீஷ்வர்நாத் ரேணுவின் கதை, ஷைலேந்திரா தயாரித்தது. நௌடங்கி என்ற ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவும் மாட்டுவண்டிக்காரனும்தான் கதை. 'சலத் முசாஃபிர்' பாட்டில் மன்னா டே குழுவோடு சேர்ந்து பாடுவதைக் கேளுங்கள். பயிற்சி பெற்ற பெரிய பாடகர், தன் குரலைக் கூட்டத்துக்குள் கரைத்துக்கொள்கிறார். அந்தப் படம் ஓடவில்லை, அதே வருடக் கடைசியில் ஷைலேந்திராவும் இறந்துபோனார் என்பதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

இதே பூரப் நிலத்திலிருந்து 1845 முதல் 1917 வரை கரும்புத் தோட்டக் கூலிகளாக டிரினிடாட் போனவர்கள் தங்கள் கல்யாணப் பாட்டுகளையும் கொண்டுபோனார்கள். அங்கே அது சட்னி இசையாக வளர்ந்தது. ஸ்னேஹா கன்வல்கர் 'வாஸேபூர்' படத்துக்காக பீகாரிலும் அலைந்தார், டிரினிடாட்டுக்கும் போனார். 'ஹண்டர்' பாட்டைப் பாடிய வேதேஷ் சூக்கூ அந்தத் தீவுக்காரர். இதற்கு முன் 2008இல் 'ஓய் லக்கி லக்கி ஓய்' படத்துக்கு ஸ்னேஹா ஹரியானாவின் ராகிணிப் பாட்டையும் பஞ்சாபின் தேஸ் ராஜ் லச்கானியின் குரலையும் அப்படியே கொண்டுவந்திருந்தார். மெட்டைக் கேட்டுவிட்டு வந்து பம்பாய்ப் பாடகரைப் பாட வைக்கும் வழக்கத்தை அவர் அளவுக்குத் தைரியமாக உடைத்தவர் வேறு யாரும் இல்லை என்பது என் கருத்து. இதில் வேறு கருத்து உள்ளவர்கள் இருக்கலாம்.

பஞ்சாபைச் சுருக்கமாக முடிக்கிறேன். 1941இல் 'கஜாஞ்சி' படத்தில் மாஸ்டர் குலாம் ஹைதர் கொண்டுவந்த டோலக் தாளம், 1957இல் 'நயா தௌர்' படத்தில் ஓ.பி. நய்யார் போட்ட துள்ளல், இவை இல்லாமல் இந்திப் பட இசை இன்றைய நடையில் இருந்திருக்காது. அந்தத் தாளம் எவ்வளவு பரவியது என்றால், பஞ்சாபியுடையது என்றே இப்போது யாருக்கும் தோன்றுவதில்லை. நம் வாசகர்களுக்கு நெருக்கமான உதாரணம் 1998இல் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 'தில் சே' படத்தில் வந்த 'சைய சையா', நம் 'உயிரே' படத்தில் 'தைய தையா'. அதன் விதை பஞ்சாபி சூஃபிக் கவி புல்லே ஷாவின் 'தேரே இஷ்க் நசாயா' பாட்டில் வரும் 'தையா தையா'. ரஹ்மானே 2014இல் 'ஹைவே' படத்துக்கு ஜலந்தரின் நூரான் சகோதரிகளை 'படாக்கா குட்டி' பாட வைத்தார். அதுவும் நாயகி வாயசைக்காத பாட்டு. ஆனால் அவள் விடுதலையாக உணரும் இடத்தில் அந்தக் குரல்கள் வருகின்றன.

இனி இரண்டாவது கேள்வி, எப்படிக் கண்டுபிடிப்பது. மொழியை விட்டுவிட்டு அமைப்பைக் கேளுங்கள். ஊர்ப் பாட்டு பெரும்பாலும் நாலைந்து ஸ்வரத்துக்குள் சுற்றும், எல்லா அடிக்கும் ஒரே மெட்டு. படப் பாட்டில் பல்லவிக்கு ஒரு மெட்டு, சரணத்துக்கு இன்னொரு மெட்டு, நடுவில் வாத்திய இசை. ஆகவே பல்லவி மட்டும் மண்ணோடு ஒட்டியிருந்து, சரணம் மேலே ஏறி வேறு திசையில் போனால், பல்லவி ஊருடையது, சரணம் இசையமைப்பாளருடையது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். அடுத்து, வரி முடிவில் வரும் அசைகள். 'ஹோ ராமா' என்றால் சைதி. மழைக்காலம், ஊஞ்சல், கருமேகம் என்று வந்து 'ஹரே ராமா' என்றோ 'ரே ஹரி' என்றோ சுற்றினால் மிர்சாபூர், பனாரஸ் பக்கத்துக் கஜ்ரி. 'ம்ஹாரோ', 'பதாரோ' என்றால் ராஜஸ்தான். தாளமே இல்லாமல் 'மாஞ்ஜி' என்றும் 'பந்து ரே' என்றும் நீட்டினால் கிழக்கு வங்காளம். அப்புறம் வாத்தியம். இதில் ஏமாறாதீர்கள், ஏனென்றால் பம்பாய் ஒலிப்பதிவில் டோலக்கும் புல்லாங்குழலும் எல்லா ஊருக்கும் பொது. கமாயிச்சா, கட்தால், பஞ்சாபின் ஒற்றைத் தந்தி வாத்தியமான தும்பி, நௌடங்கியின் நகாரா முரசு மாதிரி குறிப்பிட்ட ஊர் வாத்தியம் கேட்டால் மட்டும் நம்புங்கள்.

திரையில் தெரியும் ஊரை ஒருபோதும் நம்பாதீர்கள். 1993இல் வந்த 'ருதாலி' ராஜஸ்தான் பாலைவனக் கதை. அதன் உயிரான 'தில் ஹூம் ஹூம் கரே' பூபேன் ஹசாரிகா முன்பே அசாமியில் பாடிய மெட்டு, பிரம்மபுத்திரா பக்கத்து இசை. பாவாடையும் மணலும் பார்த்து அதை ராஜஸ்தானி என்று எழுதியவர்கள் பலர். 'மதுமதி' (1958) படத்தின் 'தில் தடப் தடப் கே' மலைநாட்டுப் பாட்டு மாதிரிக் கேட்கும்; அதன் மூலம் ஒரு போலந்து நாட்டுப்புறப் பாட்டு. அசாம் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்த சலில் சௌத்ரிக்கு, மேற்கத்திய இசையும் கூலிகளின் பாட்டும் ஒரே வயதில் காதில் விழுந்தவை.

உறுதியானது எது, சந்தேகமானது எது என்பதில் பெரிய குழப்பம், பாட்டை யார் செய்தது என்ற இடத்தில் இருக்கிறது. 'நாட்டுப்புறப் பாடல்' என்று போட்டுவிட்டால் ஆசிரியர் இல்லை என்று ஆகிவிடுகிறது. பல பாட்டுக்கு ஆசிரியர் உண்டு. 2000இல் 'மிஷன் கஷ்மீர்' படத்தில் வந்த 'பும்ரோ'வைக் கஷ்மீரி நாட்டுப்பாடல் என்பார்கள். அது கஷ்மீரிக் கவிஞர் தீனாநாத் நாதிம் 1953இல் எழுதிய இசைநாடகத்திலிருந்து வந்தது. 2013இல் 'ராம்-லீலா'வில் உஸ்மான் மீர் பாடிய 'மோர் பனி தங்காட் கரே' குஜராத்தி நாட்டுப்பாடல் என்று பரவியிருக்கிறது. அது தாகூரின் மழைக் கவிதையை குஜராத்திக் கவிஞர் ஜவேர்சந்த் மேகாணி சௌராஷ்டிரப் பேச்சில் மறுபடைப்பாக எழுதியது. இவை இரண்டும் உறுதி. 'நிம்பூடா' (1999) வேறு மாதிரி. அது மாங்கணியார்கள் பாடிவரும் பாட்டு என்பதில் சந்தேகம் இல்லை. இது எங்கள் பாட்டு என்று சொல்லியே மேடைகளில் பாடுகிறார்கள். ஆனால் ஒரு தனிமனிதரை ஆசிரியராகக் காட்டுவது அந்த மரபுக்கே பொருந்தாது. 'டெல்லி-6' (2009) படத்தின் 'ஸசுரால் கேந்தா ஃபூல்' இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சத்தீஸ்கரில் ராய்ப்பூரின் ஜோஷி சகோதரிகள் பாடிப் பிரபலமானது. அங்கே அதற்கு எழுதியவர் பெயரும் சொல்கிறார்கள். வெளியே வந்ததும் அது பெயரில்லாத பாட்டாகிவிட்டது.

படத்துக்கு வெளியே நடந்த ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2020இல் ராப் பாடகர் பாட்ஷா வெளியிட்ட 'கேந்தா ஃபூல்' என்ற காணொளிப் பாட்டில் 'போரோ லோகேர் பிட்டி லோ' என்ற வங்காளி வரிகள் வந்தன. அதை 1970களில் எழுதியவர் பீர்பூம் மாவட்டத்தில் வறுமையில் இருந்த ரத்தன் காஹார். பெயர் விடுபட்டதைப் பொதுமக்கள் எழுப்பிய பிறகு பாட்ஷா அவருக்கு 5 லட்சம் ரூபாய் அனுப்பினார். 2024இல் காஹாருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. சட்டம் இந்த விஷயத்தில் பலவீனமானது. மரபுப் பாட்டுக்குப் பதிப்புரிமை யாருக்கு என்று நம் சட்டத்தில் தெளிவில்லை, எழுதியவர் உயிரோடிருந்தாலும் அவரிடம் பதிவுச் சான்று எதுவும் இருப்பதில்லை. இசைத்தட்டின் மேல் 'மரபுப் பாடல்' என்ற சொல்லைப் பார்த்தால், 'எந்த ஊர், யார் பாடிக் கேட்டீர்கள்' என்ற கேள்வியைச் சேர்த்தே கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடைசியாக, எங்கே கேட்பது. ராஜஸ்தானுக்கு, கோமல் கோத்தாரியும் விஜய்தான் தேத்தாவும் 1960இல் போரூந்தா கிராமத்தில் தொடங்கிய ரூபாயன் சன்ஸ்தான், இப்போது ஜோத்பூரில் இருக்கிறது. மாங்கணியார், லங்கா பதிவுகளுக்கு அதற்கு இணை இல்லை. கமாயிச்சாவுக்கு சாகர் கானின் பதிவுகள். பூரப் பாட்டுக்கு சாரதா சின்ஹாவின் சட் பாட்டுகளும் கல்யாணப் பாட்டுகளும், பட வாய்ப்புக்கு முன் வந்தவையே முதலில். பாடியாலிக்கு சச்சின் தேவ் பர்மன் 1930களிலும் 1940களிலும் வங்காளியில் பாடிய இசைத்தட்டுகள். ரேஷ்மாவுக்கு, 'லம்பி ஜுதாயி'யை ஒதுக்கி வைத்துவிட்டு அவருடைய பஞ்சாபி வானொலிப் பதிவுகள். 'அக்கியான் நூ ரெஹ்ண் தே'யைக் கேட்டு முடித்த உடனே 'பாபி' பாட்டைப் போடுங்கள். மெட்டு ஒன்றுதான். ரேஷ்மா 'அக்கியான்' என்ற முதல் சொல்லை எப்படித் தொண்டையிலிருந்து தள்ளுகிறார், லதா அதே இடத்தில் எப்படி மெல்ல நுழைகிறார் என்பதை மட்டும் நாலைந்து முறை மாற்றி மாற்றிக் கேளுங்கள். அதற்கு மேல் ஏதாவது புரியவில்லை என்றால் பாட்டின் பெயரோடு எழுதுங்கள், தெரிந்த அளவு சொல்கிறேன்.